புதிய ரவுட்டருக்கு மாறும் முன் வீட்டு சர்வரை எப்படித் தயார்செய்வது?

முனையம் எழுதியது:

திரையும் விசைப்பலகையும் இல்லாத ஒரு சிறு கணினியில் டெபியன் (லினக்ஸ் வகை இயங்குதளம்) நிறுவி, அதை வீட்டு சர்வராக ஓட்டி வருகிறேன். செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கரில் நெக்ஸ்ட்கிளவுட் (கோப்புச் சேமிப்பு), ஜெல்லிஃபின் (வீடியோ), ஹோம் அசிஸ்டண்ட் (வீட்டுக் கருவிகள்), பை-ஹோல் (விளம்பரங்களைத் தடுக்கும் டி.என்.எஸ்., அதாவது தளப் பெயர்களை முகவரிகளாக மாற்றும் சேவை) ஆகியவை இயங்குகின்றன. அவற்றுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற இணைய சர்வர் மென்பொருள் நின்று, லெட்ஸ் என்கிரிப்ட் தரும் பாதுகாப்புச் சான்றிதழுடன், வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளைப் பிரித்து அனுப்புகிறது. வெளியில் இருக்கும்போது வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைய வயர்கார்ட் என்ற வி.பி.என். (மறைகுறியாக்கிய சுரங்க இணைப்பு) வைத்திருக்கிறேன்.

இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டருக்குப் பதிலாக நானே வாங்கிய ஒன்றைப் பொருத்தப் போகிறேன். இணைய நிறுவனம் மாறவில்லை. ஃபைபர் பெட்டி தனியாக இருப்பதால் அதில் கை வைக்க வேண்டியதில்லை. பழைய ரவுட்டரின் முகவரி 192.168.1.1. சர்வருக்கு 192.168.1.10 என்ற முகவரியை அந்த ரவுட்டரே ஒதுக்கித் தருகிறது. சர்வரில் நான் எதையும் எழுதி வைக்கவில்லை. புதிய ரவுட்டரோ பெட்டியிலிருந்து எடுக்கும்போதே 192.168.0.1 என்று இருக்கிறது. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை சர்வருக்குத் திருப்பும் விதிகள்), டைனமிக் டி.என்.எஸ். (வெளி முகவரி மாறும்போது டொமைனைப் புதுப்பிப்பது) இரண்டும் பழைய ரவுட்டரில்தான் உள்ளன. இரண்டும் வெவ்வேறு நிறுவனத் தயாரிப்புகள் என்பதால், பழையதிலிருந்து எடுத்த அமைவுக் கோப்பைப் புதியது ஏற்றுக்கொள்ளாது.

மாற்றும் வேளையில் சர்வர் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போய்விடக் கூடாது என்பது முதல் கவலை. வீட்டில் மற்றவர்களும் இதை நம்பியிருப்பதால் தடை சிறிதாக இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. எதை முன்கூட்டியே செய்யலாம், எதை மாற்றிய பிறகுதான் செய்ய முடியும் என்று அனுபவமுள்ளவர்கள் பிரித்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

செம்பருந்து எழுதியது:

உங்கள் விவரத்தைப் படித்தால், சர்வர் தயாராக இல்லை என்பதைவிட, சர்வர் செய்ய வேண்டிய வேலைகள் பலவற்றை ரவுட்டர் செய்துகொண்டிருக்கிறது என்பதே சிக்கலாகத் தெரிகிறது. ரவுட்டர் மட்டும் அறிந்துவைத்திருக்கும் செய்திகளை இப்போதே, பழைய ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சர்வருக்கு மாற்றிவிடுங்கள். அதன்பின் ரவுட்டர் மாற்றம் என்பது ஏறக்குறைய கம்பியைப் பிடுங்கி மாட்டும் வேலையாகச் சுருங்கிவிடும்.

முதலில் பழைய ரவுட்டரின் எல்லாப் பக்கங்களையும் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வையுங்கள். மேக் முகவரிக்கேற்ற (ஒவ்வொரு கருவியின் வன்பொருள் அடையாள எண்) ஒதுக்கீடுகள், போர்ட் ஃபார்வர்டிங் பட்டியல், டி.எச்.சி.பி. வரம்பு (ரவுட்டர் கருவிகளுக்குத் தானே தரும் முகவரிகள்), வைஃபை பெயர், கடவுச்சொல், வெளி இணைப்பின் அமைப்பு ஆகியவை எல்லாம் அதில் வர வேண்டும். பலர் பார்க்க மறக்கும் பக்கம் யு.பி.என்.பி. பட்டியல். நீங்கள் கையால் திறக்காத போர்ட்டுகளை ஏதேனும் ஒரு செயலி அதன் வழியாகத் தானே திறந்துகொண்டிருக்கலாம்; புதிய ரவுட்டரில் அந்த வசதி அணைக்கப்பட்டிருந்தால், "நேற்றுவரை வேலை செய்தது" என்ற வகைப் புதிர் அங்கிருந்துதான் கிளம்பும்.

வெளி இணைப்பு பி.பி.பி.ஓ.இ. வகை என்றால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். கடவுச்சொல்லைப் பழைய ரவுட்டர் புள்ளிகளாக மட்டுமே காட்டும் என்பதால், நிறுவனத்திடம் முன்னதாகவே கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் வி-லேன் (ஒரே கம்பியில் பிரித்த தனி நெட்வொர்க்) எண் ஒன்றையும் கேட்கும்; அது இல்லாமல் இணைப்பு எழாது. வேறு சில, முதலில் இணைந்த ரவுட்டரின் மேக் முகவரியைப் பதிந்து வைத்துக்கொண்டு வேறெதையும் உள்ளே விடாது. அப்படியானால் பதிவை நீக்கச் சொல்ல வேண்டும், அல்லது பழைய மேக் முகவரியைப் புதிய ரவுட்டரில் நகலெடுக்க வேண்டும். வாடிக்கையாளர் சேவை தூங்கும் நேரத்தில் மாற்றத்தைத் தொடங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்தது மிக முக்கியமானது. புதிய ரவுட்டரின் உள் முகவரியை 192.168.1.1 என்றே மாற்றிவிடுங்கள். அதை ஃபைபர் பெட்டியுடன் இணைக்காமல், ஒரு மடிக்கணினியை மட்டும் கம்பியில் மாட்டி, மேசையில் வைத்தே எல்லாவற்றையும் அமைக்கலாம்: உள் முகவரி, டி.எச்.சி.பி. வரம்பு, சர்வருக்கான ஒதுக்கீடு, போர்ட் விதிகள், அதே வைஃபை பெயர், அதே கடவுச்சொல். ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரின் புதுப்பிப்பையும் அப்போதே முடித்துவிடுங்கள். இரண்டு ரவுட்டர்களையும் ஒரே ஸ்விட்சில் (நெட்வொர்க் கம்பிகளை இணைக்கும் பெட்டி) ஒரே நேரத்தில் மாட்டிவிடக் கூடாது. ஒரே முகவரியில் இருவர் பதில் சொன்னால் நெட்வொர்க் முழுவதும் குழம்பும். வைஃபை பாதுகாப்பை டபிள்யு.பி.ஏ.3 மட்டும் என்று வைத்தால் பழைய பல்புகளும் சென்சார்களும் இணையாமல் போகக்கூடும் என்பதால், தொடக்கத்தில் டபிள்யு.பி.ஏ.2, டபிள்யு.பி.ஏ.3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறையில் விடுங்கள்.

இவ்வளவையும் செய்துவிட்டால், மாற்றும் வேளையில் சர்வரின் கண்ணுக்கு எதுவும் மாறியிருக்காது. ரவுட்டரின் மேக் முகவரி மட்டும் வேறாக இருக்கும், எந்த முகவரி எந்த மேக்குக்கு உரியது என்று சர்வர் வைத்திருக்கும் ஏ.ஆர்.பி. பதிவு சிறிது நேரத்தில் தானே புதுப்பித்துக்கொள்ளும்.

கல்தூண் எழுதியது:

செம்பருந்து சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். சர்வரின் முகவரியை எங்கே எழுதி வைப்பது என்பதில் மட்டும் ஒரு கூடுதல் கருத்து உண்டு. ரவுட்டரில் ஒதுக்குவது நிர்வகிக்க எளிது; ஆனால் உங்கள் வீட்டில் பை-ஹோல் சர்வரிலேயே ஓடுவதால், மற்றக் கருவிகள் எல்லாம் அந்த முகவரியை நம்பியே பெயர்களைத் தேடுகின்றன. அப்படிப்பட்ட கணினி, தன் முகவரிக்காக வேறொருவரைக் கேட்டு நிற்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆகவே சர்வரிலேயே 192.168.1.10 என்று நிலையாக எழுதுங்கள். புதிய ரவுட்டரில் டி.எச்.சி.பி. வரம்பை 100 முதல் 200 வரை என்பது போல வைத்து, சர்வரின் முகவரி அதற்கு வெளியே இருக்கும்படி பாருங்கள். இது வெறும் ஒழுங்குக்காகச் சொல்வதன்று. புதிய ரவுட்டருக்குப் பழையது கொடுத்த முகவரிகள் எதுவும் தெரியாது. பத்தாம் எண் தன் வரம்புக்குள் இருந்தால் அதை ஏதாவது ஒரு கைப்பேசிக்குக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு.

திரையில்லாத கணினியில் முகவரியைத் தொலைவிலிருந்து மாற்றும்போது ஒரு கயிறு கட்டிக்கொண்டு இறங்குங்கள். உபுண்டுவில் நெட்பிளான் ட்ரை என்ற கட்டளை இருக்கிறது. நீங்கள் உறுதி செய்யாவிட்டால் 120 நொடிகளில் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். டெபியனில் வழக்கமான இன்டர்ஃபேசஸ் கோப்பு முறையைப் பயன்படுத்தினால் அந்த வசதி கிடையாது. எனவே பழைய கோப்பை நகலெடுத்து வைத்து, ஐந்து நிமிடம் காத்திருந்து அதைத் திரும்ப இட்டு நெட்வொர்க் சேவையை மறுதொடக்கம் செய்யும் ஒரு சிறு ஸ்கிரிப்டைப் பின்னணியில் ஓடவிட்ட பிறகு மாற்றத்தைச் செய்யுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் ஸ்கிரிப்டை நிறுத்திவிடலாம். எஸ்.எஸ்.எச். (தொலைவிலிருந்து கட்டளை தரும் வழி) அமர்வு துண்டிக்கப்பட்டாலும் அந்த ஸ்கிரிப்ட் உயிரோடு இருக்க வேண்டும் என்பதால் டிமக்ஸ் போன்ற ஒன்றுக்குள் ஓட்டுங்கள்.

இன்னொரு பின்வாசலும் உண்டு. ஐ.பி.வி.6 (புதிய வகை இணைய முகவரி முறை) அணைக்கப்படாத லினக்ஸ் கணினி ஒவ்வொன்றும் எஃப்.ஈ.80 என்று தொடங்கும் இணைப்பு முகவரி ஒன்றைத் தானே அமைத்துக்கொள்ளும். அது ரவுட்டர் தருவதன்று. ரவுட்டரே இல்லாவிட்டாலும் இருக்கும். 192.168 போன்ற முகவரிகளின் ஐ.பி.வி.4 அமைப்பு எவ்வளவு குலைந்திருந்தாலும், அதே ஸ்விட்சில் உள்ள மடிக்கணினியிலிருந்து அந்த முகவரிக்குப் பின்னால் விழுக்காட்டுக் குறியும் மடிக்கணினியின் இடைமுகப் பெயரும் சேர்த்து எஸ்.எஸ்.எச். செய்ய முடியும். இப்போதே சர்வரில் அந்த முகவரியைப் பார்த்துக் குறித்து வையுங்கள், ஒருமுறை அதன் வழியாக நுழைந்தும் பாருங்கள். சர்வரின் ஃபயர்வால் ஐ.பி.வி.6 எஸ்.எஸ்.எச். கோரிக்கையைத் தடுத்துக்கொண்டிருந்தால் அதை நெருக்கடியில் கண்டுபிடிப்பதைவிட இன்று கண்டுபிடிப்பது நல்லது. அதற்கும் மேல், ஒரு பழைய திரையையும் யு.எஸ்.பி. விசைப்பலகையையும் பக்கத்தில் எடுத்து வைத்திருங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.

சர்வர் தனக்கான டி.என்.எஸ். முகவரியாகத் தன்னையே, அதாவது தன் டாக்கருக்குள் ஓடும் பை-ஹோலையே, வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். மறுதொடக்கத்தில் பை-ஹோல் எழாமல் போனால், அதன் புதிய படிமத்தை (டாக்கர் நிறுவும் பொதி) இறக்குவதற்குக்கூட சர்வரால் பெயர் தேட முடியாது. சர்வருக்கு மட்டும் 9.9.9.9 அல்லது 1.1.1.1 போன்ற வெளி டி.என்.எஸ். போதும்.

தெற்குவாசல் எழுதியது:

எல்லோரும் பழைய முகவரி வரம்பையே தொடரச் சொல்கிறார்கள். நான் மறுபக்கத்தை எடுத்துவைக்கிறேன், ஏனென்றால் முனையம் வயர்கார்ட் பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறார். 192.168.0, 192.168.1 ஆகிய இரண்டும் ரவுட்டர்கள் மிகப் பரவலாக வைத்துக்கொண்டு வரும் வரம்புகள். விருந்தினராகப் போன இடத்தின் வைஃபையும் 192.168.1 என்றே இருந்தால், உங்கள் மடிக்கணினி 192.168.1.10 என்பதை அந்த வீட்டுக்குள்ளேயே தேடும்; சுரங்கம் திறந்திருந்தும் சர்வர் கிடைக்காமல் போகலாம். 1996இல் வந்த ஆர்.எஃப்.சி. 1918 என்ற இணையத் தர ஆவணம் தனி நெட்வொர்க்குகளுக்கு மூன்று பெரும் வரம்புகளை ஒதுக்கியிருக்கிறது: 10 என்று தொடங்குவது முழுவதும், 172.16 முதல் 172.31 வரை, 192.168 முழுவதும். நடுவில் உள்ளதை டாக்கர் 172.17இலிருந்து எடுத்துக்கொள்வதால் அதை விட்டுவிடுங்கள். 10இல் தொடங்கி, நடு எண்களை மனம் போனபடி தேர்ந்து, 10.83.27 என்பது போல ஒன்றை வைத்துக்கொண்டால் மோதல் அரிது.

வரம்பை மாற்றுவதில் உழைப்பு எங்கே போகிறது என்றால், பழைய எண் ஒளிந்திருக்கும் இடங்களைத் தேடுவதில்தான். அமைப்புக் கோப்புகள் உள்ள ஈ.டி.சி. கோப்பகத்திலும் டாக்கர் கம்போஸ் கோப்புகள் உள்ள இடத்திலும் 192.168.1 என்ற தொடரை கிரெப் என்ற தேடல் கட்டளை கொண்டு தேடினால் வியப்பூட்டும் நீளத்தில் பட்டியல் வரும். ஃபயர்வாலில் உள் நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி என்று எழுதிய விதிகள், என்.எஃப்.எஸ். பகிர்வுகள், சாம்பாவின் அனுமதிப் பட்டியல், ஃபெயில்2பேனில் தடை செய்யக் கூடாதவை என்று கொடுத்த முகவரிகள், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நுழைவு விதிகள், நெக்ஸ்ட்கிளவுடின் நம்பகமான டொமைன்கள், ஹோம் அசிஸ்டண்டின் நம்பகமான பிராக்ஸிகள், வயர்கார்ட் பயனர் கோப்புகளில் அனுமதித்த வரம்புகள் என்று அது நீளும். இவற்றில் கடைசியானது மட்டும் சர்வரில் இல்லை, ஒவ்வொரு கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் இருக்கிறது. டாக்கரில் மேக்-வி-லேன் நெட்வொர்க் (டாக்கர் பெட்டிகளுக்கு வீட்டு நெட்வொர்க்கின் முகவரியையே தருவது) அமைத்திருந்தால் அதை அழித்து மீண்டும் உருவாக்க வேண்டும், ஏனென்றால் உருவாக்கிய பின் அதன் வரம்பைத் திருத்த முடியாது.

செம்பருந்து எழுதியது:

தெற்குவாசல் சொல்லும் காரணம் நியாயமானது, வரம்பு மாற்றத்துக்கு நான் எதிரியல்லன். ஆனால் அதே நாளில் வேண்டாம். ரவுட்டரையும் வரம்பையும் ஒருசேர மாற்றிவிட்டு ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை என்றால், காரணம் எது என்று பிரித்தறிய வழியில்லை. பழைய ரவுட்டரை மீண்டும் மாட்டிச் சரிபார்க்கும் வாய்ப்பும் போய்விடும். புதிய ரவுட்டர் சில வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு, ஓய்வான ஒரு நாளில் வரம்பை மாற்றலாம். இதே காரணத்துக்காகத்தான் மாற்றும் நாளில் டெபியன் புதுப்பிப்பு, டாக்கர் படிமப் புதுப்பிப்பு எதையும் தொடாதீர்கள் என்கிறேன்.

முனையம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வரம்பு மாற்றத்தைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். சர்வரில் நிலையான முகவரி எழுதியாகிவிட்டது, எஃப்.ஈ.80 வழியும் திறந்திருக்கிறது. யு.பி.என்.பி. பட்டியலில் நான் அறியாத இரண்டு வரிகள் இருந்தன. இரண்டும் ஒரு விளையாட்டுக் கருவியுடையவை.

மூன்று ஐயங்கள் எஞ்சியுள்ளன. டைனமிக் டி.என்.எஸ். வேலையை சர்வருக்கு மாற்றும்போது பழைய ரவுட்டரிலும் அது ஓடினால் இரண்டும் மோதுமா? சான்றிதழ் புதுப்பித்தலில் ஏதேனும் பார்க்க வேண்டுமா? வீட்டுக்குள்ளிருந்து நெக்ஸ்ட்கிளவுடை அதன் டொமைன் பெயரிலேயே திறக்கிறோம், அது தொடருமா?

அலைவரிசை எழுதியது:

டைனமிக் டி.என்.எஸ். இரண்டு இடத்தில் ஓடினாலும் இரண்டும் ஒரே வெளி முகவரியைத்தான் அறிவிக்கும் என்பதால் பெரிய கேடு இல்லை. இருப்பினும் சர்வரில் உள்ளது வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ரவுட்டரில் உள்ளதை அணைத்தாக வேண்டும். அணைத்துவிட்டுப் பழைய ரவுட்டரை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். பல இணைப்புகளில் அப்போது வெளி முகவரி மாறும். மாறினால் டொமைன் புதிய முகவரியைத் தானே பிடித்துக்கொள்கிறதா என்று பார்த்துவிடலாம்.

சான்றிதழ்தான் மெதுவாகக் கடிக்கும் பகுதி. லெட்ஸ் என்கிரிப்ட் தரும் வழக்கமான சான்றிதழின் ஆயுள் 90 நாள். ஏறக்குறைய 30 நாள் எஞ்சியிருக்கும்போது சான்றிதழை வாங்கித் தரும் சர்ட்பாட் நிரல் புதுப்பிக்க முயலும். டொமைன் உங்களுடையதே என்று உறுதிசெய்ய எச்.டி.டி.பி. வழிச் சரிபார்ப்பைப் பயன்படுத்தினால் வெளியிலிருந்து 80ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும். புதிய ரவுட்டரில் 443ஐ மட்டும் திறந்துவிட்டு 80ஐ மறந்தால், தளம் நன்றாகவே ஓடும், பல வாரம் கழித்து ஒரு நாள் சான்றிதழ் காலாவதியாகி நிற்கும், அதற்கும் ரவுட்டர் மாற்றத்துக்கும் தொடர்பிருப்பதாக யாருக்கும் தோன்றாது. முன்பெல்லாம் காலாவதிக்கு முன் மின்னஞ்சல் வரும். 2025 ஜூன் முதல் லெட்ஸ் என்கிரிப்ட் அந்த மின்னஞ்சல்களை நிறுத்திவிட்டது. எனவே மாற்றிய அன்றே சர்ட்பாட்டின் ஒத்திகை முறையில், அதாவது டிரை-ரன் விருப்பத்துடன், புதுப்பித்தலை ஓட்டிப் பாருங்கள். உங்கள் டொமைன் நிறுவனம் ஏ.பி.ஐ. (நிரல் வழியாகப் பதிவுகளை மாற்றும் வசதி) தருமானால் டி.என்.எஸ். வழிச் சரிபார்ப்புக்கு மாறிவிடுவது இன்னும் மேல். அதற்கு உள்வரும் போர்ட் எதுவும் தேவையில்லை.

மூன்றாவது ஐயம் ரவுட்டரைப் பொறுத்தது. வீட்டுக்குள்ளிருந்து வெளி முகவரிக்குப் போகும் கோரிக்கையை ரவுட்டர் மீண்டும் உள்ளே திருப்பிவிட வேண்டும். அதை ஹேர்பின் நாட் என்றும் நாட் லூப்பேக் என்றும் அழைப்பார்கள் (நாட் என்பது பல கருவிகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கும் முறை). எல்லா ரவுட்டர்களும் அதைச் செய்வதில்லை. பை-ஹோல் கையில் இருக்கும்போது அதை நம்பி இருக்கவே வேண்டாம். பை-ஹோலின் உள்ளூர் டி.என்.எஸ். பதிவில் அந்த டொமைனுக்கு 192.168.1.10 என்று எழுதிவிட்டால் வீட்டுக்குள் இருப்பவர்கள் நேராக சர்வருக்கே போவார்கள். இதையும் இன்றே செய்யலாம்.

மாற்றிய பின் சோதிக்கும்போது கைப்பேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பாருங்கள். வயர்கார்டின் 51820 ஒரு யு.டி.பி. போர்ட் என்பதால், டி.சி.பி.யை மட்டும் தட்டிப் பார்க்கும் இணையவழிப் போர்ட் சோதனைத் தளங்கள் அது மூடியிருப்பதாகவே சொல்லும். அதை நம்ப வேண்டாம், இணைத்தே பாருங்கள். புதிய ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரம்பில் இருந்தால் நீங்கள் இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களுக்குப் பொதுவாக வைத்திருக்கும் பெரிய நாட் அமைப்புக்குப் பின்னால் இருக்கிறீர்கள், போர்ட் விதிகள் பயன்படா. 192.168 என்றோ 10 என்றோ இருந்தால், பெரும்பாலும் ஃபைபர் பெட்டியே இன்னொரு ரவுட்டராக நடந்துகொள்கிறது என்று பொருள். அதை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டராகாமல் வெறுமனே கடத்தும் முறை) மாற்றச் சொல்லுங்கள். பழைய ரவுட்டரில் இப்போது என்ன காட்டுகிறது என்று பார்த்து வைத்தால் ஒப்பிட எளிதாக இருக்கும்.

முனையம் எழுதியது:

மாற்றம் முடிந்தது. பி.பி.பி.ஓ.இ. விவரங்களை முன்னதாகவே வாங்கி வைத்திருந்ததால் இணைப்பு உடனே எழுந்தது. சர்வர் தன் முகவரியிலேயே இருந்தது. ஒத்திகைப் புதுப்பித்தல், வயர்கார்ட், நெக்ஸ்ட்கிளவுட் எல்லாம் சரி. ஒன்று மட்டும் புரியவில்லை. கைப்பேசிகளில் பை-ஹோல் வேலை செய்வதில்லை, விளம்பரங்கள் வருகின்றன. ரவுட்டரின் டி.எச்.சி.பி. பக்கத்தில் டி.என்.எஸ். முகவரியாக 192.168.1.10ஐ மட்டுமே கொடுத்திருக்கிறேன், இரண்டாவது கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

கல்தூண் எழுதியது:

புதிய ரவுட்டரில் ஐ.பி.வி.6 இயங்குகிறதா என்று பாருங்கள். பழையதில் அது அணைந்திருந்து, புதியதில் தொடக்கத்திலேயே இயங்கினால் இதுதான் நடக்கும். ஐ.பி.வி.6இல் ரவுட்டர் அவ்வப்போது அனுப்பும் அறிவிப்புகளிலேயே டி.என்.எஸ். முகவரியும் சேர்ந்து போகும். டி.எச்.சி.பி. பக்கத்தில் நீங்கள் எழுதியதற்கும் அதற்கும் தொடர்பில்லை. கைப்பேசி இரண்டையும் வாங்கிக்கொண்டு ரவுட்டரையே கேட்கும். ஐ.பி.வி.6க்கான டி.என்.எஸ். கட்டத்தை உங்கள் ரவுட்டர் தருமானால், அங்கே சர்வரின் உள் ஐ.பி.வி.6 முகவரியைக் கொடுங்கள். நிறுவனம் தரும் முன்னொட்டு (முகவரியின் முன்பகுதி) மாறக்கூடியது என்பதால் அதில் தொடங்கும் முகவரியைக் கொடுக்காமல், எஃப்.டி. என்று தொடங்கும் உள் வரம்பில் ஒன்றை அமைத்துக் கொடுப்பது நிலையானது. கட்டமே இல்லையென்றால், அந்த அறிவிப்பில் டி.என்.எஸ். சேர்ப்பதை மட்டும் அணைக்க வழியிருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லாவிட்டால் இப்போதைக்கு ஐ.பி.வி.6ஐ உள் நெட்வொர்க்கில் அணைத்துவிடலாம். ஆனால் சில நிறுவனங்களின் இணைப்பில் வெளியிலிருந்து வீட்டை அடைய ஐ.பி.வி.6 ஒன்றே வழி. உங்கள் வெளி முகவரி பொது முகவரியாக இருப்பதால் அந்தத் தடை உங்களுக்கு இல்லை.

ஐ.பி.வி.6ஐ வைத்துக்கொள்வதாக இருந்தால், ரவுட்டரின் ஐ.பி.வி.6 ஃபயர்வால் உள்வரும் இணைப்புகளைத் தடுக்கிறதா என்பதையும் சரிபாருங்கள். அங்கே பொதுவாக நாட் கிடையாது, சர்வருக்கே பொது முகவரி கிடைத்துவிடும். டாக்கரில் திறந்த ஒவ்வொரு போர்ட்டும் வெளியே தெரியாமல் இருப்பது அந்த ஒரு விதியைப் பொறுத்தது.

முனையம் எழுதியது:

அதுவேதான். புதியதில் ஐ.பி.வி.6 இயங்கிக்கொண்டிருந்தது, டி.என்.எஸ். கட்டமும் இருந்தது, வேறொரு பக்கத்தின் அடியில். எஃப்.டி. முகவரி கொடுத்த பிறகு கைப்பேசிகள் பை-ஹோலுக்கே வருகின்றன. உள்வரும் ஐ.பி.வி.6 இணைப்புகள் தடுக்கப்பட்டிருப்பதையும் வெளியிலிருந்து சோதித்துவிட்டேன். பழைய ரவுட்டரை நிறுவனத்துக்குத் திருப்பித் தர வேண்டுமாம், உடனே தந்துவிடலாமா?

செம்பருந்து எழுதியது:

திருப்பித் தர அவர்கள் கொடுத்த கெடு வரை அதை அப்படியே, எதையும் அழிக்காமல், அலமாரியில் வையுங்கள். புதியது தொடக்கத்திலேயே பழுதானால் மாட்ட ஒன்று தயாராக இருக்கும். தரும் நாளில் ஆலை அமைப்புக்கு மீட்டமைத்துவிட்டுத் தாருங்கள். உங்கள் வைஃபை கடவுச்சொல்லும் டைனமிக் டி.என்.எஸ். கணக்கின் கடவுச்சொல்லும் இன்னும் அதற்குள்தான் இருக்கின்றன. நிர்வாகப் பக்கத்தில் மீட்டமைக்க முடியாவிட்டால், மின்சாரம் ஓடும்போதே பின்புறத்துச் சிறு துளையில் ஊசியால் பொத்தானை விளக்குகள் அணைந்து எரியும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு ஒருமுறை உள்ளே நுழைந்து, பெட்டியில் அச்சிட்டிருக்கும் வைஃபை பெயர் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.